முதல் நாற்காலிக்காரரின் மணிக்கட்டு

எங்கள் சலூனில் நாற்காலி இரண்டு. வாசலை ஒட்டி இருப்பது என் வீட்டுக்காரருடையது. உள்ளே, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருப்பது என் தம்பியுடையது. வருகிறவர்கள் இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "முதல் நாற்காலி இருக்காரா?", "ரெண்டாவது எங்க, சாப்பிடப் போயிருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். நான் கழுத்துத் துண்டுகளைத் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டுவந்து அடுக்குகிறவள். கூட்டம் இருக்கிற நாட்களில் கல்லாவிலும் உட்காருவேன். வீடு கடைக்கு மேலேயே இருப்பதால் எனக்கு இரண்டு இடத்திலும் வேலை, இரண்டு இடத்திலும் எரிச்சல்.

முதல் நாற்காலி காலியாக இருக்கும்போது யாரும் இரண்டாவதில் உட்காரக் கூடாது. இது கடையின் சட்டம். எங்கேயும் எழுதி மாட்டவில்லை, அவர் பார்க்கிற பார்வையே போதும். அவர் கையில் ஒரு தலை வந்த பிறகு, மிச்சம் இருப்பவர்கள்தான் என் தம்பிக்கு. தம்பி இதை ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. "மாமா தொழில்காரர், நான் வேலைக்காரன்" என்பான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் மனிதர்கள் என்று யாரும் கிடையாது. தலைகள்தான் உண்டு. பேருந்தில் முன் இருக்கையில் இருப்பவரின் பின்கழுத்தைப் பார்த்து "பாவம்" என்று முணுமுணுப்பார். சினிமாவுக்குப் போனால் திரையை மறைக்கிற தலைகளைத்தான் பார்த்துவிட்டு வருவார். என்னை முதன்முதலில் பார்த்தபோது அவர் என்னிடம் சொன்னது, "வகிடு கொஞ்சம் கோணலா இருக்கு" என்பது. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகிவிட்டது, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தக் குணம்தான் அவர் கையை உடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கு மேலே இருக்கிற ட்யூப்லைட் மினுக்கிக்கொண்டே இருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஏணி இருக்கிறது. ஆனால் நாற்காலியை மிதித்து மிதித்து முழு உயரத்துக்கு ஏற்றி, அதன்மேல் நிற்பதில் அவருக்கு ஒரு பெருமை. ஏறி நின்றார். அந்த நேரம் பார்த்து ஒருவர் உள்ளே வந்தார். நானும் தம்பியும் வந்தவரின் முகத்தைப் பார்த்தோம். இவர் மேலே இருந்து உச்சந்தலையைப் பார்த்தார். வேறு கடையில் வெட்டிய தலை, சுழிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம்.

"இதை யாரு வெட்டினது?" என்று கேட்டுக்கொண்டே நன்றாகக் குனிந்தார். அது சுழலும் நாற்காலி, சுழன்றது. அவர் வலது கையை ஊன்றிக்கொண்டு தரையில் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தும் அந்தத் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருந்தது. இழுத்து நேராக்கி, மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வேறு யாராக இருந்தாலும் ஆறு வாரம் சும்மா இருந்து எலும்பை ஒட்டவைத்துக்கொண்டு போயிருப்பார்கள். இவர் மறுநாளே கடைக்குப் போய்விட்டார்.

வெட்டுவதற்கு இல்லை, மேற்பார்வைக்கு. தம்பி வெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று மாவுக்கட்டுக் கையை நீட்டி, "இங்க கொஞ்சம் எடு, மாப்ளே. அங்க தூக்கு" என்று வழிகாட்டினார். தம்பி எடுத்தான், தூக்கினான். எடுத்த முடியெல்லாம் எங்கே போகும்? நீட்டிய கைமேல் விழும். அவர் கையைத் தூக்கும்போதெல்லாம் மாவுக்கட்டின் வாய் வழியாக உள்ளே இறங்கும். மூன்று வாரத்தில் ஊரில் பாதிப்பேர் முடி அவர் மாவுக்கட்டுக்குள் குடியேறிவிட்டது.

அந்த அரிப்பு எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சீப்பின் வாலை உள்ளே விட்டுச் சொறிந்தார். பின்னல் ஊசியை விட்டார். காற்று அடிக்கிற மெஷினை வைத்து ஊதியதில் உள்ளே இருந்தது இன்னும் ஆழமாகப் போனது. நான் மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம், தம்பி சாப்பிடப் போயிருந்த நேரம், இடது கையில் பெரிய கத்தரியை எடுத்து மாவுக்கட்டை இரண்டு பக்கமும் நீளமாக வெட்டித் திறந்துவிட்டார். கையை சோப்பு போட்டுக் கழுவினார். கழுத்து பிரஷ்ஷால் தட்டி, பவுடர் போட்டார். கை வெறுமனே இருந்த அந்த நேரத்தில் "சும்மா ரெண்டு தடவை" கத்தரியும் பிடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு இரண்டு பாதியையும் பொருத்தி, டேப் சுற்றி, மேலே சுவருக்குப் பூசுகிற வெள்ளை மாவைக் குழைத்துப் பூசி, இழைத்து வைத்துவிட்டார்.

எனக்குத் தெரியவே தெரியாது. 'மாவுக்கட்டு என்ன திடீரென்று இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது' என்றுகூட நினைத்தேன். மனிதர் துவைத்துப் போட்டிருக்கிறார் என்று நினைக்கிற அளவுக்கு எனக்கு அவர்மேல் நம்பிக்கை.

ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறுக்கிறவர் மெஷினை எடுத்து இலேசாகத் தொட்டார். டப்பா மூடி மாதிரி திறந்துகொண்டது. அவர் பயந்துபோய் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க" என்றார். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அங்கே நான்கு பேர் இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். அடுத்த வாரம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எலும்பு ஒட்டியிருந்தது, கோணலாக. மணிக்கட்டு பின்பக்கம் மேடு தட்டி, கவிழ்த்துவைத்த கரண்டி போல இருந்தது. வலி இருந்தது, பிடி தளர்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சத்தம். கையைத் திருப்பும்போது மணிக்கட்டுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி 'டொக்' என்று விழும். வீட்டில் கேட்டால் பரவாயில்லை. காதுக்குப் பக்கத்தில் கத்தரி வைத்திருக்கிற மனிதர் கையில் கேட்டால் என்ன ஆகும்?

முதலில் அகப்பட்டவர் கணக்கு வாத்தியார். பதினைந்து வருஷமாக முதல் நாற்காலியைத் தவிர வேறெங்கும் தலையைக் கொடுக்காதவர். இவர் அவருடைய தலையை இலேசாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சீப்பைத் திருப்பினார். டொக். வாத்தியார் தன் கழுத்து எலும்புதான் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, மேலே போர்த்திய துணியோடு தெருவுக்கு ஓடிவிட்டார். பாதித் தலை வெட்டியிருந்தது. என் தம்பி எதிர்க்கடை வாசலில் வைத்து மீதியை வெட்டி முடித்தான்.

அதற்குப் பிறகு எங்கள் காத்திருக்கும் பெஞ்சில் ஒரு புதிய மரியாதை முளைத்தது. இரண்டாவது நாற்காலியில் ஆள் இருக்கும், முதல் நாற்காலி காலியாக இருக்கும். இவர் துண்டை உதறி "வாங்க" என்பார். பெஞ்சில் இருப்பவர் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து, "நீங்க முதல்ல போங்க" என்பார். அவர், "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, நீங்க போங்க" என்பார். இன்னொருவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உலகச் செய்தியில் மூழ்கிவிடுவார். இதற்குமுன் எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் இப்படி வழி விட்டதை நான் பார்த்ததில்லை.

சவரத்தை அவரே நிறுத்திவிட்டார். கத்தியை எடுத்து, கையைத் திருப்பி, டொக் என்றதும் மடக்கி வைத்துவிட்டார். "சவரம்னா அங்க போங்க" என்று தம்பி பக்கம் கை காட்டினார். பிடி தளராமல் இருக்க மணிக்கட்டில் ரப்பர் பட்டை போட்டார், அதன்மேல் இன்னொரு பட்டை போட்டார், அதன்மேல் என் கழுத்துத் துண்டைச் சுற்றினார். கை பெரிதானதே தவிர சத்தம் குறையவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நான் துண்டுகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடையில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். முதல் நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கோபமெல்லாம் அந்த இடத்தில் வடிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மாடிக்கு வந்ததும் அவரே ஆரம்பித்தார். "இந்தாம்மா, கை வலிகூட எனக்குப் பெருசில்ல. நாற்காலி போயிரும்னுதான் பயமா இருக்கு. கத்தி பிடிக்க முடியலேன்னா நான் யாரு?"

"கிளம்புங்க, கை டாக்டர்கிட்ட போவோம்" என்றேன்.

"மறுபடி கட்டுப் போடுவாங்களே."

"போடட்டும். கத்தரியை நான் ஒளிச்சு வெச்சுக்கறேன்."

கைக்கென்றே தனியாக இருக்கிற டாக்டர் அவர். நடுத்தர வயது, அமைதியான பேச்சு. எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு, மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். டொக். டாக்டர் தலையாட்டினார். பிறகு விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தையைக்கூடக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் கண் டாக்டரின் கிருதாவிலேயே இருந்தது. இடது பக்கக் கிருதா வலதைவிட ஒரு விரல்நுனி இறங்கியிருந்தது.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க" என்றார் பாதியில். "ஒரு பக்கம் இறங்கியிருக்கு. யார் வெட்டினது?"

நான் நாற்காலிக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். டாக்டர் கோபப்படவில்லை. இதைப் பலபேர் கேட்டிருப்பார்கள் போல. மேஜையிலிருந்து அளவுகோலை எடுத்து அவரிடம் கொடுத்து, "நீங்களே அளந்து பாருங்க. காதுல இருந்து அளங்க" என்றார்.

இவர் எழுந்து போய் நிஜமாகவே அளந்தார். இடது பக்கம் காதுமடலிலிருந்து எவ்வளவோ, வலது பக்கமும் அவ்வளவே. மறுபடி அளந்தார். சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார். "காதே இறங்கியிருக்கு."

"பிறவியிலேயே அப்படித்தான். காது இறங்கியிருக்கு, கிருதா அதுக்குத் தகுந்த மாதிரி நிக்குது. பார்க்கிறவங்க கிருதாவைத்தான் குறை சொல்றாங்க" என்றார் டாக்டர். "உங்க கையிலயும் அதே கதைதான். மணிக்கட்டுல எட்டுச் சின்ன எலும்பு இருக்கு. அதுதான் ஆடுது, அதுதான் சத்தம் போடுது. ஆனா அதுங்க மேல தப்பு இல்ல. அடியில இருக்கிற பெரிய எலும்பு பின்பக்கமா சாஞ்சு, குட்டையா ஒட்டிருச்சு. சாஞ்ச இடத்துல விழாம நிக்கறதுக்காக சின்னதெல்லாம் எதிர்ப்பக்கமா மடங்கி நிக்குது. நீங்க சின்னதைப் பட்டை போட்டு இறுக்கி என்ன பண்றது?"

இப்போதுதான் இவருக்குப் பிடிபட்டது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "அப்ப காதை வெட்டி மேல ஏத்தணும்கிறீங்க."

"உங்க விஷயத்துல, ஆமா. என்னை விட்டுருங்க."

கோணலாக ஒட்டிய இடத்திலேயே எலும்பை மறுபடி வெட்டி, நேராக நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தும்போது ஒரு இடைவெளி விழும். அதில் இடுப்பிலிருந்து ஆப்பு மாதிரி ஒரு சின்ன எலும்புத் துண்டை எடுத்து வைத்து, உலோகத் தகடு போட்டு, ஸ்குரூ முடுக்கிவிட வேண்டும். அடி நேரானால் சின்ன எலும்புகள் தாங்களே இடத்துக்கு வரும், பெரும்பாலும் வரும். முழுக்கப் பழைய கை ஆகும் என்று எழுதிக் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை இவர் வீடு வரும்வரை வாயிலேயே போட்டு அரைத்துக்கொண்டு வந்தார்.

தம்பியிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "மாப்ளே, என் இடுப்புல இருந்தே எடுத்து எனக்கே ஆப்பு வெக்கப் போறாராம்."

அறுவை சிகிச்சையன்று காலையில் ஒரு சிப்பந்தி ட்ரிம்மரோடு வந்தார். கையிலும் இடுப்பிலும் முடி எடுக்க வேண்டும். வந்தவருக்குப் போதாத காலம். ட்ரிம்மரைப் பிடித்த விதத்தைப் பார்த்ததுமே என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எதிர்ப்பக்கமா இழுங்க. தோலை விரல்ல இழுத்துப் பிடிங்க. நீங்க அப்படியே தடவினா திட்டுத்திட்டா நிக்கும்."

"ஐயா, இது ஆபரேஷனுக்கு. யாரும் பாக்கப் போறதில்ல."

"டாக்டர் பாப்பாரே."

கடைசியில் ட்ரிம்மரை இடது கையில் வாங்கித் தானே எடுத்துக்கொண்டார். முழங்கைக்குக் கீழே கோடு போட்ட மாதிரி நேராக நிறுத்தியிருந்தார். சிப்பந்தி, பக்கத்துக் கட்டிலிலும் ஒரு கால் இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார். அவர் கேலியாகத்தான் கேட்டார். இவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். நான் அதட்டிப் படுக்க வைத்தேன்.

கைக்கு ஓர் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஓர் ஊசி. அவர் முழிப்பாகத்தான் இருந்தார். உள்ளே என்ன நடந்தது என்று டாக்டர் வெளியே வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். தகடு நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்று முதலில் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, உங்க வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் வாயை மூடல" என்றார். "எலும்பை வெட்டறப்போ, வெயில் அதிகமாயிருச்சு இல்லைங்களான்னு கேட்டாரு. பசங்க என்ன படிக்கிறாங்கன்னு கேட்டாரு. நானும் வரிசையா பதில் சொல்லிக்கிட்டே இருந்தேன். கடைசியில தையல் போட்டு முடிச்சதும், 'பின்னாடி கண்ணாடி காட்டுவீங்களா'ன்னு கேக்கறாரு."

அடுத்த ஆறு வாரம் நான் பட்ட பாடு யாருக்கும் வரக் கூடாது. கடைக்கு இறங்கக் கூடாது என்று கட்டளை போட்டேன். வீட்டில் இருந்த எல்லாக் கத்தரியையும் அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். நகவெட்டியைக்கூட இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். விரல்களை மட்டும் மடக்கி நீட்டச் சொல்லியிருந்தார்கள். அதை ஒழுங்காகச் செய்தார். மற்ற நேரத்தில் அவருடைய இடது கைக்கு வேலை வேண்டியிருந்தது. கதவு மிதியடியின் ஓரத்து நூல்களைப் பல்லால் கடித்து ஒரே நீளமாக்கினார். துடைப்பத்தை எடுத்துப் பார்த்து, "இதுக்குப் பின்னாடி கனமா இருக்கு" என்றார். பூந்தொட்டிச் செடியில் ஒரு இலைகூட மிச்சமில்லாத நாளில், அதற்கு "மொட்டை" என்று பேரும் வைத்தார்.

அரிப்பு வந்த நாளும் உண்டு. கட்டுக்குள்ளே எதுவும் இல்லை, தோல் ஆறுகிற அரிப்புதான். அவர் என்னைக் கூப்பிட்டு, "என்னை நம்பாதே, பக்கத்துல உட்காரு" என்றார். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அந்த அரிப்பு போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவர்மேல் எனக்கு இருக்கிற பிரியத்தை அன்றைக்குத்தான் நானே கண்டுகொண்டேன். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைகால் புரியாது.

கட்டைப் பிரித்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நேராக நின்றது. சில வாரம் பயிற்சி. துண்டைப் பிழிவது, பந்தை அமுக்குவது, கையைத் திருப்புவது. திருப்பும்போதெல்லாம் நானும் அவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். ஒரு சத்தமும் இல்லை. முன்னைப் போல முழுசாகப் பின்னால் மடங்கவில்லை, ஆனால் பிடி இருந்தது. கடைசியாகப் பார்த்தபோது டாக்டர், "போய் வேலையைப் பாருங்க" என்றார்.

அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கடைக்கு இறங்கினார். முதல் நாற்காலியைத் துடைத்து, துண்டை உதறி, "வாங்க" என்றார்.

"நீங்க முதல்ல போங்க" என்றார் பெஞ்சில் இருந்தவர், பக்கத்தில் இருந்தவரிடம்.

சத்தம் போய்விட்டது, ஆனால் அது போனது யாருக்கும் தெரியாது. காது கொடுத்துக் கேட்க யாராவது உட்கார்ந்தால்தானே தெரியும். "தகடு வெச்சிருக்காங்களாமே, கழண்டுகிட்டா?" என்று ஒருவர் தம்பியிடம் கிசுகிசுத்தார். முதல் நாள் யாரும் உட்காரவில்லை, இரண்டாம் நாளும் உட்காரவில்லை. மூன்றாம் நாள் அவர் நாற்காலியைத் துடைக்கவே இல்லை. "பேசாம நாற்காலியை மாத்திக்கலாமா, மாப்ளே? நீ முன்னாடி வந்துடு" என்றார். சாதாரணமாகச் சொல்வது போலத்தான் சொன்னார். தம்பி சீப்பைக் கழுவிக்கொண்டே இருந்தான், கழுவிய சீப்பையே மறுபடி கழுவினான்.

மறுநாள் கணக்கு வாத்தியார் தம்பியின் நாற்காலியில் இருந்தார். பெஞ்சு நிறைந்திருந்தது. நான் கல்லாவில் இருந்தேன். தம்பி வாத்தியாரின் தலையைச் சாய்த்து, சீப்பைத் திருப்பினான். டொக்.

பெஞ்சில் இருந்த தலைகள் நிமிர்ந்தன. வாத்தியாரின் கண்கள் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்தன. தம்பி முகத்தைச் சுளித்து, மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, மறுபடி சீப்பைத் திருப்பினான். டொக்.

எதிர்ச்சுவரிலும் ஒரு கண்ணாடி உண்டு. கல்லாவில் உட்கார்ந்தால் தம்பியின் முகம் அதில் பக்கவாட்டாகத் தெரியும். அவன் கன்னம் உள்ளே குழிந்து நாக்கு மேலண்ணத்தைத் தட்டுவதை நான் பார்த்துவிட்டேன். பயல் நாக்கால் சத்தம் எழுப்புகிறான். சிரிப்பை அடக்க நான் சில்லறையைக் கொட்டி மறுபடி அடுக்க வேண்டியிருந்தது.

"ரெண்டாவதுக்கும் வந்துருச்சா?" என்றார் பெஞ்சில் ஒருவர்.

"தொத்து வியாதி போல" என்றார் இன்னொருவர்.

வாத்தியார் மெதுவாக எழுந்தார். இரண்டு நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. "அவருக்காவது இரும்பு வெச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

என் வீட்டுக்காரர் வெட்டினார். சீப்பைத் திருப்பினார், கத்தரியைத் திருப்பினார், வாத்தியார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சத்தத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. பாதியில் கண்ணைத் திறந்தார். முடிந்தபோது தூங்கிப்போயிருந்தார். அதைப் பார்த்து அடுத்தவர் எழுந்தார், அவருக்கு அடுத்தவரும் எழுந்தார். முடிவெட்ட மட்டும்தான். சவரம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை, அவரும் கத்தியைத் தொடவில்லை.

தம்பி எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. என் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கிவிட்டார். "ரெண்டு நாற்காலி வேலையையும் இத்தனை மாசமா நீ ஒருத்தனே பாத்த. என்னாலதான் உன் கை போச்சு. கிளம்பு, டாக்டர்கிட்ட போவோம்."

"ஒண்ணுமில்ல மாமா, தானா சரியாயிரும்."

"நானும் இப்படித்தான் சொன்னேன்."

நான் கூடப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வாங்கிவர இவர் வெளியே போன நேரத்தில் தம்பி டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். சொன்னதோடு நிறுத்தாமல் நாக்கால் ஒருமுறை செய்தும் காட்டினான். டாக்டர் சிரிப்பை அடக்கியதில் அவருடைய இறங்கிய காது சிவந்துவிட்டது. இவர் படத்தோடு வந்ததும் டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு, "எலும்பு நல்லா இருக்கு. ஆனாலும் ரெண்டு வாரம் பட்டை போட்டு ஓய்வு கொடுத்தா கெடுதல் ஒண்ணும் இல்ல" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

அந்த இரண்டு வாரம் இரண்டாவது நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. தம்பி வலது கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தான். என் வீட்டுக்காரர் நிற்க நேரமில்லாமல் வேலை செய்தார். சாப்பிடும்போது தம்பிக்கு ஸ்பூன் எடுத்துக் கொடுப்பார். "வலிக்குதா?" என்பார். அவன், "கொஞ்சம்" என்பான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் வாரக் கடைசியில் தம்பிக்குத் தாடி முளைத்துவிட்டது. பட்டை போட்ட கையால் எப்படிச் சவரம் செய்துகொள்வான்? பெஞ்சில் இருந்த ஒருவர் கேட்டே விட்டார். "சலூன்காரருக்கே தாடியா?"

என் வீட்டுக்காரர் முதல் நாற்காலியைத் திருப்பினார். "உட்காரு" என்றார்.

தம்பி தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். அவன் வேடிக்கைக்காரன்தான், ஆனால் கழுத்து அவனுடையது. போய் உட்கார்ந்தான். இவர் நுரை போட்டார். கத்திக்குப் புது பிளேடு மாற்றினார். பெஞ்சில் யாரும் பேப்பர் படிக்கவில்லை. நான் கல்லாவை விட்டு எழுந்து நின்றேன்.

கத்தி காதோரத்தில் இறங்கியது. தாடையில் திரும்பியது. கழுத்தில் மேலேறியது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு சீராகப் போய் முடிந்தது. ஒரு கீறல் இல்லை. இவர் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, தன் மணிக்கட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரி ஒரு சிரிப்பு வந்தது.

தம்பிக்கு உயிர் திரும்பிய சந்தோஷம். பட்டையை ஞாபகமில்லாமல் அவிழ்த்து மடியில் போட்டுவிட்டு, வலது கையால் இந்தக் கன்னத்தையும் அந்தக் கன்னத்தையும் தடவிப் பார்த்தான். கையை நன்றாகத் திருப்பித் திருப்பித் தடவினான். சத்தமே இல்லை. கண்ணாடியில் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கை அந்தரத்தில் நின்றது.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்வையை மாற்றிக்கொள்ளவில்லை, அதிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது. அவர் கண் நிறைந்தது. துண்டை எடுத்துத் தம்பியின் முகத்தை இன்னொரு முறை அழுத்தித் துடைத்தார். பிறகு குனிந்து, மடியில் கிடந்த பட்டையை எடுத்து அவன் கையில் மாட்டி, இழுத்து இறுக்கிக் கட்டினார்.

"டாக்டர் ரெண்டு வாரம் சொல்லியிருக்காரு, மாப்ளே. இன்னும் ஒரு வாரம் இருக்கு" என்றார்.

"சரி மாமா" என்றான் தம்பி.

பெஞ்சிலிருந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். சவரத்துக்கு நான்தான் முதலில் வந்தேன் என்று அவர்களுக்குள் சண்டை.